பிளாக் எண் 72

2025 ஜூலை 7, திங்கள். காலை 9.40. மொத்தம் 118.

118 என்பது மெழுகுக் கட்டைகள். நாங்கள் பிளாக் என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவருடைய இரைப்பைப் புற்றிலிருந்து வெட்டியெடுத்து, அழுகாமலிருக்க ஃபார்மலினில் ஊறவைத்த சதை, கட்டைவிரல் நகம் அளவுக்கு. 2021 முதல் 2024 வரை எங்கள் மருத்துவமனையில் இரைப்பை அகற்றப்பட்டவர்கள் இவர்கள். நான் இவர்களைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்ற வேண்டும். மெர்சி ரூபாவதி மேடம் நுண்ணோக்கியில் பார்த்து மதிப்பெண் போடுவார். மேடம் நோய்க்குறியியல் டாக்டர். மே மாதம்தான் இங்கே சேர்ந்தார். வந்த இரண்டே மாதத்தில் ஆராய்ச்சி.

தேடுவது ஹெர்-டூ என்ற புரதம். புற்று செல்லின் தோல்மேல் உட்கார்ந்து "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். பூஜ்யம் என்றால் இல்லை, 3 என்றால் நிறைய. 3 வந்தவர்களின் கட்டி வேகமாக வளரும் என்கிறார்கள். ஆனால் நோய் திரும்பி வந்தால் அந்தப் புரதத்தையே பிடித்து அடிக்கிற ஊசி ஒன்று உண்டு. பூஜ்யம் வந்தவர்களுக்கு அந்த ஊசி கிடையாது.

மேடத்தின் கேள்வி: புரதம் இருந்தவர்கள் சீக்கிரம் செத்தார்களா? அதற்கு யார் செத்தார், எப்போது செத்தார் என்று தெரிய வேண்டும். 118 பேருக்கும் போன் போடுகிற வேலையும் என் தலையில். அட்டவணையில் ஒரு கட்டம்: உயிரோடு இருந்தால் 0, இறந்திருந்தால் 1, பக்கத்தில் தேதி.

ஆய்வக நோட்டில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

போன் 23. எடுத்தது 17. இறந்தது 12.

ஒரே கேள்வி, ஒரே பதில் என்றால் ஒரு நாளில் முடித்துவிடலாம். யாரும் அப்படிப் பேசுவதில்லை. தேதி கேட்டால் கதை சொல்கிறார்கள். ஒருவர் தன் அண்ணன் கடைசியாக இளநீர் கேட்டதையும், கடைக்குப் போய்த் திரும்பியதையும், அதை யார் குடித்தார்கள் என்பதையும் சொல்லி முடிக்க 19 நிமிடம் ஆனது. "தேதி மட்டும் சொல்லுங்க" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி போட்டு வாங்கினேன்.

நேரத்தை மிச்சம் பிடிக்க நேரடியாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எண் 72, பஞ்சவர்ணம், 49 வயது, திருமங்கலம் பக்கம்.

"பஞ்சவர்ணம் வீடுங்களா? அவங்க இறந்த தேதி வேணும்."

"நான்தான் பஞ்சவர்ணம் பேசுறேன். இன்னும் தேதி குடுக்கல தம்பி."

மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்.

"பரவால்ல. ரேசன் கடையில இருபது வருசமா உக்காந்திருக்கேன். செத்தவுக பேரை நீக்கச் சொல்லி எத்தனை பேர்ட்ட கேட்டிருப்பேன். இப்ப என் முறை. எழுதிக்க, இருக்கேன்னு."

0 போட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பிளேடு மாற்றும்போது இடது ஆள்காட்டி விரலில் வெட்டு. பிளாஸ்திரி. 31 பிளாக் சீவினேன்.

ஜூலை 14, திங்கள்

சாயம் முடிந்தது. மேடம் 118ஐயும் பார்த்தார். 3 வந்தவர்கள் 19 பேர்.

மதியம் கூப்பிட்டார்.

"தினகர், இங்க வாங்க. 71, 72, 73. மூணையும் பாருங்க."

பார்த்தேன். செல்களுக்கு ஓரமே இல்லை. குழைந்த சோறு மாதிரி ஒன்றோடு ஒன்று ஈஷிக்கொண்டிருந்தன.

"இது ஃபார்மலின் உள்ள போகாத சதை. இரைப்பையைத் தொறக்காம அப்படியே போட்டிருக்காங்க. உள்ள இருக்கற அமிலமே அதைத் தின்னுருக்கு. இதுல பூஜ்யம் வந்தா என்ன, மூணு வந்தா என்ன? எந்தத் தேதி இது?"

2024 ஜனவரி 13, சனி. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. அறுவை டாக்டர்கள் லீவுக்குப் போகுமுன் பட்டியலைக் காலி செய்வார்கள். அன்று மூன்று இரைப்பை. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் முடிந்து ஆய்வகம் 18ஆம் தேதி வியாழக்கிழமை திறந்தது.

"ஆபரேஷன் தியேட்டர்காரங்க சின்ன வாளியில போட்டு அனுப்பிருப்பாங்க மேடம். சதை ஒரு பங்குன்னா ஃபார்மலின் பத்துப் பங்கு இருக்கணும். அவங்களுக்கு அதெல்லாம் சொன்னா ஏறாது."

"சரி. மூணையும் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். இப்போது 115. வேலை மூன்று குறைந்தது.

ஜூலை 16, புதன்

காலையில் பஞ்சவர்ணம் அம்மாவே கூப்பிட்டார். என் எண்ணை "இறந்த தேதி தம்பி" என்று பதிந்து வைத்திருக்கிறாராம்.

"எதுக்கு கேட்டீக அன்னைக்கு? எதுனா புது மருந்து வந்திருக்கா?"

ஆராய்ச்சிக்கு என்றேன். மார்ச் மாதம் நோய் திரும்பி வந்தது, இப்போது வயிற்றில் நீர் கட்டுகிறது, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை.

"மார்ச்சுல ஒரு டெஸ்டு எடுத்தாக. ஏதோ பழுப்பாகுமாம்ல. இல்லைன்னு வந்துருச்சு. ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானன்னு நான் சந்தோசமா வாரேன், என் மக லோகேஸ்வரி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுகுறா. இல்லைன்னா ஊசி கிடையாதாம்மா, இருந்திருந்தாத்தான் உண்டாங்குறா. என்ன டெஸ்டுப்பா இது, நோய் இருக்குன்னு வேண்டிக்கிறணுமா?"

ஹெர்-டூ இருப்பதும் நோய் இருப்பதும் வேறு வேறு என்று விளக்கினேன். நான்கு நிமிடம்.

"இப்ப மாத்திரைதான். அதைத் தின்னு உள்ளங்கை, விரலெல்லாம் தோலு உரிஞ்சு ரேகையே போச்சு. காலையில கடை மிஷின்ல வெரல வச்சா, நீ பஞ்சவர்ணம் இல்லைங்குது."

மார்ச்சில் அந்த டெஸ்டைச் செய்தது எந்த பிளாக்கில் என்று பார்த்தேன். 72தான். வேறு சதை எடுக்கவில்லை. கையெழுத்திட்ட டாக்டர் ஏப்ரலில் ஓய்வு பெற்றுவிட்டார். சாயமேற்றியது நான்.

அறிக்கையோடு ஒரு படிவம் போகும். அதில் "ஃபார்மலினில் இருந்த நேரம்" என்று ஒரு கோடு. "24 மணி நேரம்" என்று எழுதியிருக்கிறது.

எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதுவோம். அது ஒரு வழக்கம்.

ஜூலை 17, வியாழன்

முத்திருளாண்டி அண்ணன் எங்கள் ஆய்வக உதவியாளர். வாளி வாங்குவது, கழுவுவது, பழைய சதையை எரிக்க அனுப்புவது எல்லாம் அவர். டீ குடிக்கும்போது அந்தப் பொங்கல் வாளிகளைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டேன்.

"நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. பதினெட்டாந் தேதி வந்து மூடியத் திறக்கேன், குப்புனு வருது. ரெண்டு நாளு எனக்குச் சோறு இறங்கல."

"தியேட்டர்ல சின்ன வாளியில போட்டதுதான காரணம்?"

"வாளி பெரிய வாளிதான். நானே நெறைய ஊத்திவச்சேன். வயிறத் தொறக்கலைல்ல? முழுசா, கட்டுன பை மாதிரி கிடந்துச்சு."

"நீங்க தொறந்திருக்கலாம்ல?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கத்தியத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக. அன்னைக்கு டியூட்டி நீங்க. தொறந்து வச்சுட்டுப் போவமா தம்பின்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே, ஃபார்மலின்ல கிடந்தா ஒண்ணும் ஆகாதுன்னீக."

அவருக்கு வயது 57. ஞாபகம் எப்படியும் இருக்கலாம்.

மாலையில் வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன். 13.1.2024, பிற்பகல் 3.25, இரைப்பை 3, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. என்னுடையது.

பொங்கலுக்கு ஊருக்குப் போக சாத்தூர் பஸ் 4.30க்கு. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு அரை மணி நேரம். முன்பதிவு, இருக்கை எண் 17. மூன்று இரைப்பையைத் திறந்து, விரித்து, அட்டையில் குத்திவைக்க நாற்பது நிமிடம் ஆகும். 3.40க்குக் கிளம்பினேன்.

ஜூலை 19, சனி

யோசித்ததில் ஒரு வழி இருக்கிறது. அறுவைக்கு முன் எல்லோருக்கும் எண்டோஸ்கோபியில் சிறு துணுக்குகள் கிள்ளி எடுப்பார்கள். பஞ்சவர்ணம் அம்மாவுக்கு 2023 டிசம்பரில் திருமங்கலத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் எடுத்தது. அந்த பிளாக் அங்கேயே இருக்கும். சின்னத் துணுக்கு, உடனே ஃபார்மலின் உள்ளே இறங்கியிருக்கும். அதில் பூஜ்யம் வந்தால் மார்ச் அறிக்கை சரி. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பூஜ்யம் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 115இல் 96 பேருக்கு 3 இல்லை.

பிளாக்கை வாங்க நோயாளியின் கையெழுத்து வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

நீர் எடுக்க வந்திருந்தார். பெண்கள் வார்டு, கட்டில் 9. கடிதத்தோடு போனேன். வயிறு மட்டும் பெரிதாக, மீதி உடம்பு கட்டிலோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் மகள், செல்போன் கடைச் சீருடையில்.

"நீதான் இறந்த தேதி தம்பியா? குரலுக்குப் பெரிய ஆளா நினைச்சேன். மீசையே சரியா வரல."

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து. உங்க பழைய பிளாக்கை வாங்கறதுக்கு."

"எதுக்கு?" என்றாள் லோகேஸ்வரி.

"ஒரு சரிபார்ப்பு. எல்லாருக்கும் செய்யறோம்."

எல்லோருக்கும் செய்யவில்லை.

"மார்ச்ல எடுத்தது தப்பா?"

"அப்படியெல்லாம் இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். அம்மா பேனாவை வாங்கினார். விரல்நுனிகள் வழவழவென்று, பழைய ரப்பர் மாதிரி இருந்தன. பேனா இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே போய் வாங்கிட்டு வாரேன்" என்றாள். "நீங்க எழுதிப் போட்டா எப்ப வரும்?"

ஜூலை 23, புதன்

காலை 10க்கே பிளாக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் வைத்து.

ஆறு துணுக்கு. அரிசி உடைசல் அளவு. அதே கண்ணாடியில் சரிபார்ப்புக்காக, புரதம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த சதை ஒன்றையும் வைத்தேன். மார்ச்சில் அதையும் வைக்கவில்லை, தீர்ந்துபோயிருந்தது.

1.20க்கு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நுண்ணோக்கியில் வைத்தேன்.

பழுப்பு. ஆறில் ஐந்து துணுக்கிலும். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் முழு வளையம், கோழிக்கூண்டு வலை மாதிரி. மேடம் இல்லாமலே சொல்லலாம். 3.

இன்னொரு சீவல் எடுத்து மறுபடி போட்டேன். 4.50க்கு அதுவும் வந்தது. 3.

கண்ணாடிகளை என் இழுப்பறையில் வைத்தேன். மெஸ்ஸில் கத்தரிக்காய்.

ஜூலை 24, வியாழன்

மேடம் கருத்தரங்குக்குப் போயிருக்கிறார்.

ஜூலை 25, வெள்ளி

மேடம் வந்தார். வேலை அதிகம். நேரம் அமையவில்லை.

ஜூலை 26, சனி

லோகேஸ்வரி இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. அவள் அம்மாவை வார்டிலேயே வைத்துக்கொண்டார்களாம், முத்திருளாண்டி அண்ணன் சொன்னார். நான் விசாரிக்கவில்லை, அவராகச் சொன்னார். சொல்லிவிட்டு என் இழுப்பறையைப் பார்த்தார்.

வாளிகள் 14 கழுவினேன். அது என் வேலை இல்லை.

ஜூலை 28, திங்கள்

காலை 8.30க்கு இரண்டு கண்ணாடியையும் மேடத்தின் மேசைமேல் வைத்தேன். பார்த்தார். நிமிராமல் கேட்டார்.

"யாரோடது?"

"72. அந்தம்மாவோட எண்டோஸ்கோபி பிளாக்."

"எப்ப சாயம் போட்டீங்க?"

"புதன்கிழமை."

"இன்னைக்குத் திங்கள் தினகர்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். 3.25, 3.40, பஸ், 24 மணி நேரம். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. போனை எடுத்துப் புற்றுநோய் டாக்டரிடம் பேசினார். "ஆமா, மூணு. இல்ல, சந்தேகமே இல்ல. இன்னைக்கே திருத்தின அறிக்கை தர்றேன்." அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள்.

"இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துட்டுத்தான் ஊசி போடணுமாம். மஞ்சக்காமாலை ஏறியிருக்காம். குடலும் அடைச்சிருக்காம். முயற்சி பண்ணுவாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்ச்சுல நடந்து வந்திருக்காங்க அவங்க."

மாலையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறை. அவர் சொன்னது: கட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் புரதம் இருக்கும், இன்னொரு பக்கம் இருக்காது, அதனாலும் மார்ச்சில் பூஜ்யம் வந்திருக்கலாம், திருத்திய அறிக்கை கோப்பில் போகட்டும், குடும்பத்திடம் யாரும் தனியாகப் பேச வேண்டாம்.

அவர் சொன்ன காரணம் அறிவியல்படி சரி. அதுதான் அதில் இருக்கிற வசதி. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

ஸ்கேன் நேற்று எடுத்தார்கள். இதயம் சரியாக இருக்கிறது. மற்றது எதுவும் சரியாக இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு வார்டுக்குப் போனேன். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அம்மாவின் கண் மஞ்சளாக இருந்தது. மூக்கில் குழாய். அடையாளம் தெரியாது என்று நினைத்தேன்.

"தம்பி. வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. அந்தப் புரதம் இருக்கு. ஊசி போடலாம்னு டாக்டர் பாத்துட்டு இருக்காங்க."

"இருக்கா? அப்ப முன்னாடி இல்லைன்னது?"

"அது... சரியா விழலை."

சிரிக்க முயன்றார். குழாய் ஆடியது.

"என் ரேகை மாதிரி."

"ஆமா."

"ஒரு தடவ விழலைன்னா மறுக்கா வைக்கச் சொல்லணும்ப்பா. நாங்க கடையில மூணு தடவ வைக்கச் சொல்லுவோம். துடைச்சுட்டு வையிம்போம். வேற வெரல வையிம்போம். கல்லு ஒடைக்கிறவுக, பாத்திரம் கழுவுறவுக வருவாக, ஒருத்தருக்கும் ரேகை இருக்காது." மூச்சு வாங்கினார். "ஒரு தடவ விழலைன்னு நான் யாரையும் வெறும் பையோட அனுப்புனதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவனுக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. நர்ஸ் வந்தார். இரண்டும் காரணம் இல்லை.

"பாத்துப் போ" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஊசி போடவில்லை. உடம்பு தாங்காது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

காலை 7.10க்கு.

முத்திருளாண்டி அண்ணன்தான் வந்து சொன்னார். "நீங்களா வாயத் தொறந்தீகல்ல, அதுவாச்சும் இருக்கு" என்றார். ஐந்து நாள் இழுப்பறையில் இருந்தது அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் கிளம்பும்போது லோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். அருகில் வந்தாள்.

"போன வாரம் ரெண்டு தடவ கூப்பிட்டேன். எடுக்கல நீங்க. ரிசல்ட் எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை" என்றேன்.

"இந்தப் புதனா?"

வண்டி ஹாரன் அடித்தது. அவள் சித்தப்பா கூப்பிட்டார். ஏறிவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

மேடத்திடம் 71, 73 பற்றிக் கேட்டேன். 71 சென்ற ஆண்டே இறந்துவிட்டார். அவருக்கு யாரும் அந்த டெஸ்டே கேட்கவில்லை. 73 இருக்கிறார். மேலூர், ஆண், 55. இன்னும் நோய் திரும்பவில்லை. அவர் கோப்பில் இருப்பது இன்னும் அந்தக் குழைந்த பிளாக்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. காலை 6.15

தூங்கினேன். அதுதான் எனக்கே கோபமாக இருக்கிறது.

கண்காணிப்பாளர் சொன்னதை மீறினால் வேலை போகலாம். மேடத்திடம் நேற்றே சொல்லிவிட்டேன், நான் திருமங்கலம் போகப்போகிறேன் என்று. "நான் கேக்கல" என்றார். பிறகு, "பதினோரு மணிக்கு மேல போங்க. காலையில காரியம் இருக்கும்" என்றார்.

செய்ய வேண்டியவை:

1. 73: மேலூர்காரருடைய எண்டோஸ்கோபி பிளாக்கைத் தேடி வாங்குவது. சாயம் போட்ட அன்றே மேடத்தின் மேசைக்கு. இழுப்பறைச் சாவியை முத்திருளாண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுவது.

2. நான் வேலைக்குச் சேர்ந்த 2023 ஜூன் முதல் என் கையெழுத்தில் "24 மணி நேரம்" என்று போன படிவங்கள் 640. ஒவ்வொன்றையும் வரவுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எத்தனை பொய் என்று எண்ணி, எழுத்தில் கொடுப்பது.

3. அதில் உயிரோடு இருப்பவர்களுக்குப் போன். பெயரைக் கேட்டு, யார் பேசுவது என்று தெரிந்துகொண்டபின் அடுத்த கேள்வி.

4. அட்டவணையில் 72ஐத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மேடத்திடம் கேட்பது. புரதம் 3. கட்டத்தில் 1. தேதி 2.8.2025.

5. இன்று திருமங்கலம். லோகேஸ்வரியிடம் சொல்ல வேண்டியது: 3.25க்கு வாளி வந்தது. 3.40க்கு நான் கிளம்பினேன். படிவத்தில் பொய் எழுதினேன். ரிசல்ட் வந்தது இந்தப் புதன் அல்ல, அதற்கு முந்தைய புதன். இதே வரிசையில். தியேட்டர், வாளி, கட்டி ஒரே மாதிரி இருக்காது, எதுவும் நடுவில் வரக் கூடாது.

6. முன்னாடியே தெரிந்திருந்தால் அம்மா இருந்திருப்பாரா என்று கேட்பாள். ஊசியால் சராசரியாகச் சில மாதங்கள் கூடும். சராசரியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. மார்ச்சில் நடந்து வந்தார் என்பதிலிருந்து ஆரம்பிப்பது.

7. கதவைச் சாத்தினால் திரும்பி வந்து, மறுபடி போவது. மூன்று தடவையாவது.